கன்னிசாமியாகச் சபரிமலைக்கு: மாலை போடுவதற்கு முன் தொடங்கி மாலை கழற்றும் வரை

முதல் முறை மாலை போடுகிற கன்னிசாமிக்கு விரதத்தைப் பற்றிச் சொல்லித்தர ஊரே வரும். எத்தனை மணிக்குக் குளிப்பது, எதைச் சாப்பிடக் கூடாது, சரணம் எப்படிச் சொல்வது, எல்லாம் கிடைத்துவிடும். ஆனால் முன்பதிவு எப்போது, யாருடைய அடையாள அட்டை எங்கே கேட்பார்கள், வாடகை வண்டிக்குக் கேரள வரி யார் கட்டுவது, நெய்யை எத்தனை மணிக்குள் கொடுக்க வேண்டும் என்பதெல்லாம் கடைசி வாரத்தில்தான் ஒவ்வொன்றாகத் தெரிய வருகிறது. எங்கள் குழு அந்தக் கடைசி வாரம் பட்ட பாடு சொல்லி மாளாது. மாலை நேரப் பூஜையில் விளக்கு எரிந்துகொண்டிருக்கும். பாதிப் பேர் வாசலில் நின்று போனில் தரிசன நேரத்துக்கான ஸ்லாட் தேடிக்கொண்டிருப்பார்கள். விரதம் இருக்கும் அந்த 41 நாட்கள் ஐயப்பனுக்கு என்று ஒதுக்கிய நாட்கள். அலைச்சல் அதைத் தின்னக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஒன்றை மட்டும் முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சபரிமலைக்கு நாம் எடுத்துப்போவது நெய். அந்த நெய் சுவாமி மேல் அபிஷேகம் ஆக வேண்டும். நாள், ஸ்லாட், வண்டி கிளம்பும் நேரம், தங்குமிடம் எல்லாவற்றையும் அந்த ஒரு நேரத்தை வைத்துப் பின்னோக்கித் திட்டமிட்டால் பாதிக் குழப்பம் வராது.

1. முதலில் மலைக்குப் போகும் நாள், பிறகு மாலை போடும் நாள்

பெரும்பாலானவர்கள் கார்த்திகை 1 அன்று மாலை போட்டுவிட்டு, அப்புறம்தான் எப்போது கிளம்பலாம் என்று பேசுவார்கள். இதில் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது.

கார்த்திகை 1 என்பது நவம்பர் 16 அல்லது 17. அதற்கு முந்தைய நாள் மாலையே நடை திறந்துவிடும். மண்டல பூஜை டிசம்பர் 26 அல்லது 27. அன்று இரவு நடை அடைத்தால், மகரவிளக்குக் காலத்துக்காக டிசம்பர் 30 மாலைதான் மறுபடி திறக்கும். மகரவிளக்கு பெரும்பாலும் ஜனவரி 14. ஜனவரி 20 காலையோடு சீசன் முடிகிறது.

இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். நவம்பர் 17 அன்று மாலை போட்டால் 41-ஆம் நாள் டிசம்பர் 27. முழு விரதமும் முடித்துவிட்டுக் கிளம்பலாம் என்று நினைத்தால், நீங்கள் பம்பைக்குப் போய்ச் சேரும்போது நடை சாத்தியிருக்கும். 48 நாள் என்று கணக்கு வைப்பவர்கள் இதில் தப்பித்துவிடுவார்கள். ஆனால் ஜனவரி முதல் வாரத்துக் கூட்டத்தில் மாட்டுவார்கள்.

எனக்குத் தெரிந்து மூன்று வழிகள் சரிப்பட்டு வருகின்றன. ஒன்று, ஐப்பசியிலேயே ஒரு நல்ல நாள் பார்த்து மாலை போட்டு, டிசம்பர் முதல் பாதியில் ஒரு வார நாளில் மலைக்குப் போவது. கார்த்திகை 1 அன்றுதான் மாலை போட வேண்டும் என்று கட்டாயம் இல்லை. சனிக்கிழமை அல்லது உத்திர நட்சத்திரம் கூடிய நாளில் போடுகிறவர்கள் நிறைய உண்டு. இரண்டு, கார்த்திகை 1 அன்று மாலை போட்டு, டிசம்பர் 30-க்குப் பிறகு போவது. மகரவிளக்கு நெருங்க நெருங்கக் கூட்டம் ஏறும், அதனால் ஜனவரி 5-க்குள் போய்வரப் பாருங்கள். மகரஜோதி தரிசனம் பெரிய பாக்கியம்தான், ஆனால் குழந்தையோடு போகும் கன்னிசாமிக்கு அந்த நாளை நான் சொல்ல மாட்டேன். மூன்றாவது வழி மாத பூஜை. ஒவ்வொரு மலையாள மாதமும் முதல் ஐந்து நாட்கள் நடை திறந்திருக்கும். சீசன் கூட்டத்தோடு ஒப்பிட்டால் நிம்மதியான தரிசனம். வயதானவர்களை அழைத்துப்போகிறவர்களுக்கு இதுதான் நல்லது. விரதம் மட்டும் அதே 41 நாள்தான், குறைக்காதீர்கள். மலையாள மாதப் பிறப்பு சில மாதங்களில் தமிழ் மாதப் பிறப்புக்கு ஒரு நாள் முன்பின்னாக வரும், கோயிலை நிர்வகிக்கும் தேவசம் போர்டு வெளியிடும் தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஜனவரி 15-க்குப் பிறகு கூட்டம் குறையும் என்று சொல்லி அந்த நாட்களைத் தேர்ந்தெடுப்பவர்களும் உண்டு. கூட்டம் குறைவது உண்மை. ஆனால் நடை அடைப்பதற்குச் சில நாட்கள் முன்பே நெய்யபிஷேகம் நின்றுவிடும். அந்த ஆண்டு அட்டவணையில் நெய்யபிஷேகம் எந்தத் தேதி வரை என்று பார்க்காமல் டிக்கெட் போட வேண்டாம்.

2. விர்ச்சுவல் க்யூ: ஆவணங்களும் ஸ்லாட்டும்

திருவிதாங்கூர் தேவசம் போர்டின் ‘சபரிமலை ஆன்லைன்’ தளத்தில்தான் தரிசன முன்பதிவு. தரிசனத்துக்குக் கட்டணம் கிடையாது. தனியாக ஏஜென்ட் வைத்துப் பணம் கொடுக்கத் தேவையே இல்லை. “விஐபி தரிசனம் வாங்கித் தருகிறேன்” என்று யாராவது ஆயிரக்கணக்கில் கேட்டால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள்.

கையில் தயாராக வைத்துக்கொள்ள வேண்டியவை:

ஆதார் அட்டை (இல்லையென்றால் வாக்காளர் அட்டை அல்லது பாஸ்போர்ட்), முகம் தெளிவாகத் தெரியும் புகைப்படத்தின் சிறிய அளவு கோப்பு, ஓடிபி வரும் கைபேசி எண், மின்னஞ்சல். ஒரே கணக்கில் உங்களோடு வரும் சிலரையும் சேர்த்துப் பதிவு செய்யலாம். அதனால் குழுவில் கணினி பழக்கம் உள்ள ஒருவர் மற்றவர்களின் விவரத்தை முன்கூட்டியே வாங்கி வைத்துவிட வேண்டும். பெயரும் பிறந்த தேதியும் அட்டையில் உள்ளபடியே இருக்கட்டும். ‘செந்தில்சாமி’ என்றெல்லாம் பக்தியாகப் பதிவு செய்துவிட்டு வண்டிகளை நிறுத்தும் நிலக்கலில் போலீஸிடம் விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டாம்.

2025 சீசனில் ஒரு நாளைக்கு 70,000 பேருக்கு ஆன்லைன் முன்பதிவு, 20,000 பேருக்கு நேரடி ஸ்பாட் புக்கிங் என்றுதான் தொடங்கினார்கள். முதல் சில நாட்களிலேயே கூட்டம் கட்டுக்கடங்காமல் போனதால், கேரள உயர் நீதிமன்றம் தலையிட்டு ஸ்பாட் புக்கிங்கை 5,000 ஆகக் குறைத்தார்கள். அதை நம்பி ஊரிலிருந்து கிளம்பியவர்கள் என்ன பாடு பட்டிருப்பார்கள் என்று யோசியுங்கள். “அங்கே போய்ப் பார்த்துக்கலாம் சாமி” என்று குழுவில் ஒருவர் கட்டாயம் சொல்வார். அவர் பேச்சைக் கேட்காதீர்கள். முன்பதிவு திறப்பதாக அறிவிப்பு வந்த அன்றே உட்கார்ந்து முடித்துவிடுங்கள். சனி, ஞாயிறு ஸ்லாட்டுகள் முதலில் தீர்ந்துவிடும்.

சீட்டில் போட்டிருக்கும் நேரம் என்பது பம்பையில் நீங்கள் இருக்க வேண்டிய நேரம், சன்னதியில் நிற்கும் நேரம் அல்ல. எந்த ஸ்லாட் எடுப்பது? நான் சொல்வது பிற்பகல் ஸ்லாட். காரணம் ஏழாவது தலைப்பில் வரும்.

சீட்டை இரண்டு பிரதி அச்செடுத்து ஒன்றை இருமுடியோடு சேராத தோள்பையில் வையுங்கள். மலையில் போன் சார்ஜ் தீரும், சிக்னலும் போகும். அடையாள அட்டை மூலப் பிரதியாகவே இருக்கட்டும். நடைமுறையில் மாளிகைப்புறங்களாக, அதாவது மாலை போட்ட பெண் பக்தர்களாக, வருகிறவர்கள் பத்து வயதுக்கு உட்பட்ட சிறுமிகளும் ஐம்பது வயதைக் கடந்த பெண்களும்தான். வயதைச் சரிபார்ப்பார்கள், எனவே அவர்களின் அட்டையை மறக்கவே கூடாது.

ஏதோ காரணத்தால் போக முடியாமல் போனால் முன்பதிவை ரத்து செய்துவிடுங்கள். நீங்கள் விடும் அந்த இடத்துக்காக இன்னொரு சாமி காத்திருப்பார்.

3. மாலையும் விரதமும்

இதை உங்கள் குருசாமி சொல்வதுபடி செய்யுங்கள். குடும்பத்துக்குக் குடும்பம், ஊருக்கு ஊர் வழக்கம் மாறும். துளசி மணி அல்லது ருத்திராட்ச மாலை, ஐயப்பன் டாலர், கோயிலில் அர்ச்சகர் கையாலோ குருசாமி கையாலோ போட்டுக்கொள்வது, கருப்பு, நீலம் அல்லது காவி வேட்டி, காலையும் மாலையும் குளியல், சரணம், பிரம்மச்சரியம், அசைவம், மது, புகை இல்லாமல் இருப்பது, முடி வெட்டாமல் சவரம் செய்யாமல் இருப்பது, தரையில் பாய் விரித்துப் படுப்பது. அடிப்படை இவ்வளவுதான். பட்டியலாகப் பார்க்கச் சின்னதாக இருக்கும். கோபம் வரும் இடத்தில் “சாமி” என்று கூப்பிட்டுவிட்டு அந்தக் கோபத்தை விழுங்க வேண்டியிருக்குமே, அந்த இடத்தில்தான் விரதம் உண்மையிலேயே தொடங்குகிறது. எதிரில் நிற்பவனும் சாமி என்று 41 நாள் வாய் விட்டுச் சொல்லிப் பழகியவருக்கு, மேலே சன்னதி முகப்பில் ‘தத்வமஸி’ (‘நீயே அது’) என்று எழுதியிருப்பதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

நடைமுறை விஷயங்கள் சில.

அலுவலகத்தில் சீருடை, ஷூ, சவரம் கட்டாயம் என்றால், மாலை போடுவதற்கு முந்தைய வாரமே மேலாளரிடம் பேசிவிடுங்கள். தொழிற்சாலையில் பாதுகாப்புக் காலணி போட வேண்டிய இடத்தில் வெறுங்காலோடு நிற்பதை எந்தக் குருசாமியும் கேட்க மாட்டார்.

சர்க்கரை நோயாளிகள் கவனம். விரதம் என்றால் பட்டினி இல்லை. மருந்தை நிறுத்தக் கூடாது. வெறுங்காலில் நடந்து காலில் ஏற்படும் சின்னக் காயம் சர்க்கரை உள்ளவர்களுக்குப் பெரிய ஆபத்து. தினமும் இரவில் உள்ளங்காலைப் பாருங்கள். 50 வயதைத் தாண்டியவர்கள், இரத்த அழுத்தம், இதயக் கோளாறு உள்ளவர்கள் மாலை போட்ட முதல் வாரமே டாக்டரைப் பார்த்து, மலை ஏறலாமா என்று கேட்டு, மருந்துச் சீட்டின் பிரதியை எடுத்து வையுங்கள். தினமும் காலைப் பூஜை முடித்து அரைமணி நேரம் வேகமாக நடங்கள், முடிந்தால் படிக்கட்டு ஏறுங்கள். நீலிமலை ஏற்றத்தில் மூச்சு வாங்கும்போது இதன் அருமை தெரியும்.

விரத நாட்களில் நெருங்கிய உறவில் இறப்பு ஏற்பட்டால் மாலையைக் கழற்றிவிட வேண்டும் என்பதுதான் பொதுவான வழக்கம். அந்த ஆண்டு போகவில்லையே என்று மனம் உடைய வேண்டாம். மாத பூஜைகள் இருக்கின்றன.

கன்னிசாமி வீட்டில் கன்னி பூஜை வைப்பது வழக்கம். இதைத்தான் செலவில் பெரிதாக இழுத்துவிட்டுக்கொள்கிறார்கள். பந்தல், பஜனைக் குழு, நூறு பேருக்குச் சாப்பாடு என்று கடன் வாங்கிச் செய்ய ஐயப்பன் கேட்கவில்லை. ஐந்து சாமிகளைக் கூப்பிட்டு, படம் வைத்து விளக்கேற்றி, வயிறார இட்டாலும் அது கன்னி பூஜைதான்.

4. வண்டி, பர்மிட், பாதை

சொந்தக் காரில் போனால் ஆர்சி, இன்சூரன்ஸ், புகைச் சான்று, ஓட்டுநர் உரிமம் போதும். வாடகை வண்டி என்றால் இரண்டு கேள்விகளை அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் கேளுங்கள். கேரள வரி, பர்மிட் கட்டணம் நீங்கள் சொன்ன வாடகைக்குள் அடங்குமா? ஓட்டுநர் ஒருவரா, இருவரா? பதிலை வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். குமுளி எல்லையில் “இது தனி சார்” என்ற பேச்சு வந்தால் காட்டுவதற்கு ஏதாவது இருக்க வேண்டும். சொந்த உபயோகத்துக்கான வெள்ளை போர்டு வண்டியை வாடகைக்கு எடுப்பது மலிவாகத் தெரியும். விபத்து என்று ஒன்று நடந்தால் இன்சூரன்ஸ் கைகொடுக்காது.

ஓட்டுநர் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டவே வேண்டாம். குட்டிக்கானத்திலிருந்து முண்டக்கயம் இறங்கும் மலைச்சாலையில் விபத்துகள் அடிக்கடி நடக்கின்றன. இரவெல்லாம் ஓட்டி வந்த ஒரே ஓட்டுநர், விடியற்காலை வளைவுகளில் கண் அசந்துவிடுகிறார். கேரள மோட்டார் வாகனத் துறை ‘சேஃப் ஸோன்’ என்ற பெயரில் இந்தப் பாதைகளில் ரோந்தும் உதவியும் வைத்திருக்கிறது. வழியில் ஒட்டியிருக்கும் அவர்களின் உதவி எண்ணைப் போனில் பதிந்துகொள்ளுங்கள். வண்டி முகப்பை மறைத்து வாழைக்கன்று, பூத்தோரணம், கலர் விளக்கு கட்டினால் அபராதம் உண்டு.

மதுரை, தேனி வழியாகப் போனால் குமுளி, வண்டிப்பெரியாறு, குட்டிக்கானம், முண்டக்கயம், எருமேலி, நிலக்கல். சீசனில் போலீஸ் ஒருவழிப் பாதை ஏற்படுத்தி, போகும் வண்டிகளைக் கம்பத்திலிருந்து கம்பம்மெட்டு வழியாகத் திருப்பிவிடுவார்கள். இதற்காகக் கூடுதல் நேரம் ஒதுக்குங்கள். தென்காசி, செங்கோட்டைப் பக்கத்திலிருந்து புனலூர், பத்தனம்திட்டா வழி. ரயிலில் வருகிறவர்களுக்குச் செங்கன்னூர் அல்லது கோட்டயம். இரண்டு இடங்களிலிருந்தும் பம்பைக்குக் கேரள அரசுப் பேருந்து கிடைக்கும்.

எருமேலியில் ஆடிப்பாடிப் பேட்டை துள்ளி, ஐயப்பனின் தோழர் வாவரின் பள்ளிவாசலை வணங்கி, கன்னிசாமிகள் சரக்கோல் என்ற சிறு மர அம்பை வாங்கிக்கொள்வார்கள். அதைக் கொண்டுபோய், மலை ஏறும் வழியில் உள்ள சரங்குத்தியில் குத்த வேண்டும். எருமேலியிலிருந்து அழுதை, கரிமலை வழியாகப் பெருவழிப் பாதையில் நடந்து போக ஆசைப்படும் கன்னிசாமிகள் உண்டு. அனுபவமுள்ள குருசாமி இல்லாமல் வேண்டாம். யானை நடமாட்டம் காரணமாக வனத்துறை பிற்பகலுக்கு மேல் காட்டுப் பாதையில் ஆள் விடுவதில்லை. சத்திரம், புல்மேடு வழியாகப் போகும் இன்னொரு காட்டுப் பாதையிலும் இதே கட்டுப்பாடுதான்.

5. இருமுடி கட்டும்போது

கிளம்பும் நாளிலோ முந்தைய நாளிலோ குருசாமி முன்னிலையில் கெட்டு நிறைப்பார்கள், அதாவது இருமுடி கட்டுவார்கள். நெய்த்தேங்காய்க்கு நல்ல முற்றிய, விரிசல் இல்லாத காயாகப் பாருங்கள். நாரை மழமழவென்று சீவி, ஒரு கண்ணைத் திறந்து தண்ணீரை முழுக்க வடித்து, உள்ளே ஈரம் காய விட வேண்டும். இதற்கு ஒரு நாளாவது கொடுங்கள். ஈரத்தோடு நெய் ஊற்றினால் வழியில் புளித்த வாடை வந்துவிடும். கடையில் ‘பூஜை நெய்’ என்று விற்பது விளக்குக்கு மட்டும்தான். சுவாமி மேல் படப் போவது, வாய்க்கும் பிரசாதமாகப் போகப் போவது. வீட்டில் சாப்பிடும் சுத்தமான பசுநெய்யே வேண்டும். ஒவ்வொரு துளி ஊற்றும்போதும் சரணம் சொல்வார்கள். வீட்டில் உள்ளவர்களையும் ஒரு கரண்டி ஊற்றச் சொல்லுங்கள். மலைக்கு வர முடியாத அம்மாவும் மனைவியும் அந்த நெய்யில் உங்களோடு வருகிறார்கள்.

முன்முடியில் நெய்த்தேங்காயும் கொஞ்சம் பச்சரிசி, வெல்லம், வெற்றிலை பாக்கு, காணிக்கை போன்ற பூஜைப் பொருட்களும். பின்முடியில் கொஞ்சம் அரிசியும், படியில் உடைக்கும் தேங்காயும். இதற்கு மேல் எதுவும் தேவைப்படாது. கற்பூரம், ஊதுபத்தி, பன்னீர் ஆகியவற்றை இருமுடியில் கொண்டுவர வேண்டாம் என்று 2024-ல் கோயிலின் தலைமைப் பூசாரியான தந்திரியே கேட்டுக்கொண்டார். மேலே அவற்றைப் பயன்படுத்த இடம் இல்லை, குப்பையாகத்தான் குவிகின்றன. ‘இருமுடி செட்’ என்று கடையில் கட்டி விற்பதில் இவையெல்லாம் குட்டிக் குட்டி பிளாஸ்டிக் பையில் இருக்கும். செட்டாக வாங்காமல் வேண்டியதைத் தனித்தனியாக வாங்கிக் காகிதத்திலோ துணியிலோ மடியுங்கள். பிளாஸ்டிக்குக்கு மலையில் தடை.

ஊரில் கெட்டு நிறைக்க வழியில்லாதவர்கள் பம்பைக் கணபதி கோயிலில் கட்டணம் கட்டி நிறைத்துக்கொள்ளலாம். இருமுடி இல்லாமல் பதினெட்டாம் படி ஏற முடியாது. தரிசனம் மட்டும் வேறு வழியாகக் கிடைக்கும்.

6. நிலக்கல், பம்பை, ஏற்றம்

வண்டிகளை நிலக்கலில் நிறுத்திவிட்டு, அங்கிருந்து சுமார் 20 கிலோமீட்டர் அரசுப் பேருந்தில் பம்பைக்குப் போக வேண்டும். ஆளுக்கு 50 ரூபாயை ஒட்டி ஆகும், ஏசி பஸ் கூடுதல். சில்லறை வைத்திருங்கள். சிறிய வண்டிகள் பம்பை வரை போய் ஆட்களை இறக்கிவிட்டுத் திரும்ப அனுமதிப்பது அந்தந்த ஆண்டுக் கட்டுப்பாட்டைப் பொறுத்தது. நிலக்கல் மைதானம் பெரிது. வண்டி நிற்கும் இடத்தின் எண்ணைப் போட்டோ எடுத்து எல்லாருக்கும் அனுப்புங்கள். திரும்பி வரும்போது நடு இரவாக இருக்கலாம்.

பம்பையில் குளிக்கும்போது சோப்பு, எண்ணெய் கூடாது. பழைய துணியை ஆற்றில் விடுவது சடங்கு என்று யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள். அப்படி ஒரு சடங்கே கிடையாது, சட்டப்படி குற்றமும்கூட. இன்னொன்று: குளிக்கும்போது மூக்குக்குள் தண்ணீர் போகாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லி 2025-ல் கேரள சுகாதாரத் துறை அறிவுறுத்தியது, மூளையைத் தாக்கும் அமீபா நோய்தான் காரணம். மூக்கைப் பிடித்துக்கொண்டு முங்குங்கள். குழந்தைகளுக்குக் கையால் மொண்டு ஊற்றினாலே போதும்.

குழந்தைகள் இருந்தால் பம்பையில் போலீஸ் கட்டும் கைப்பட்டையைக் கட்டாயம் போடுங்கள், பெயரும் உங்கள் எண்ணும் அதில் இருக்கும். தமிழ் தெரிந்த சாமிகள் எங்கும் இருக்கிறார்கள், மொழிக்குப் பயப்பட வேண்டாம். ஆனால் கூட்டத்தில் கை நழுவினால் கண்டுபிடிப்பது கஷ்டம்.

பம்பையிலிருந்து சன்னிதானம் சுமார் 5 கிலோமீட்டர். நீலிமலை, அப்பாச்சிமேடு வழி செங்குத்து. சுவாமி ஐயப்பன் ரோடு வளைந்து போகும், ஏற்றம் குறைவு. முதல் முறை வருகிறவர்கள், முழங்கால் வலி உள்ளவர்கள் இரண்டாவது வழியைக் கேளுங்கள். ஆனால் கூட்டத்தைப் பொறுத்து எந்த வழி என்பதைப் போலீஸ்தான் தீர்மானிக்கும். வழியெல்லாம் சுக்குத் தண்ணீர் இலவசமாகக் கொடுப்பார்கள், அவசர மருத்துவ மையங்களும் ஆக்ஸிஜன் வசதியும் உண்டு. நெஞ்சு இறுக்கம், அளவுக்கு மீறிய மூச்சிரைப்பு வந்தால் “சுவாமி பார்த்துக்குவார்” என்று ஏறிக்கொண்டே இருக்காதீர்கள். அந்த மையத்தை அங்கே வைத்ததும் சுவாமிதான் என்று நினைத்து உள்ளே போய் உட்காருங்கள்.

ஆட்கள் சுமந்து செல்லும் டோலி தேவைப்பட்டால் ஆயிரக்கணக்கில் ஆகும். கவுன்ட்டரில் விலை கேட்டு ரசீது வாங்கிய பிறகே ஏறுங்கள்.

7. படியும் நெய்யும்

பிற்பகல் ஸ்லாட் எடுக்கச் சொன்னேன் அல்லவா? நெய்யபிஷேகம் விடியற்காலை தொடங்கி, காலை 11 மணியை ஒட்டி முடிந்துவிடும். காலை ஸ்லாட் எடுத்தவர்கள் வரிசையில் பல மணி நேரம் நின்று மதியம் படி ஏறினால், தரிசனம் கிடைத்திருக்கும், நெய் கையிலேயே இருக்கும். வண்டிக்காரர் கீழே அவசரப்படுத்துவார். கன்னிசாமிகள் நிறையப் பேர் நெய்யைக் கவுன்ட்டரில் கொடுத்துவிட்டு, பதிலுக்கு அபிஷேக நெய்யை வாங்கிக்கொண்டு இறங்கிவிடுகிறார்கள். அதிலும் குறையொன்றும் இல்லை. ஆனால் 41 நாள் இருந்தது அந்த நெய்க்காக. இதற்கு நேரம் ஒதுக்குங்கள்.

பிற்பகலில் பம்பையில் இருந்தால், வெயில் தாழ ஏறி, இரவு நடை சாத்துவதற்குள் படி ஏறித் தரிசனம் முடிக்கலாம். சீசனில் இரவு 11 மணியை ஒட்டி ஹரிவராசனம் பாடி நடை சாத்துவார்கள். அந்த நேரத்தில் சன்னிதானத்தில் நிற்கக் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். ஒவ்வொரு விளக்காக அணைத்து சுவாமியைத் தூங்க வைக்கும்போது அவ்வளவு பெரிய கூட்டமும் அடங்கிப்போகும். நான் கேட்க நினைத்துப் போன வேண்டுதல் எதுவும் எனக்கு அப்போது நினைவுக்கு வரவில்லை.

அன்று இரவு பக்தர்கள் படுப்பதற்கான கூடமான விரியில் படுத்துக்கொள்ளலாம். அறை வேண்டுமென்றால் தேவசம் போர்டின் தளத்தில் முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும், சீக்கிரம் தீர்ந்துவிடும். போர்த்திக்கொள்ள ஒரு போர்வையும் விரிக்க ஒரு துணியும் போதும். அன்னதானம் இலவசம். விடியற்காலை எழுந்து குளித்து, தேங்காய்களை உடைத்து நெய்யை ஒரே பாத்திரத்தில் சேர்த்து, அபிஷேகச் சீட்டு வாங்கி வரிசையில் நில்லுங்கள். ஏற்கெனவே படி ஏறியவர்கள் வடக்கு வாசல் வழியாகப் போகலாம். அபிஷேகம் ஆன நெய்யில் ஒரு பங்கு திரும்ப வரும். அதற்கு மூடி இறுக்கமான எவர்சில்வர் தூக்கு கொண்டுபோங்கள். நெய் வடித்த தேங்காயின் ஒரு மூடி ஆழி என்ற நெருப்புக் குண்டத்தில் எரிக்கப்படும்.

படி ஏறும்போது இரண்டு நினைவில் வையுங்கள். ஏறுவதற்கு முன் தேங்காய் உடைக்க வேண்டும், அதனால் அது பையின் அடியில் கிடக்கக் கூடாது. இருமுடியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு வலது காலை எடுத்துவைத்ததும் நிற்காமல் ஏற வேண்டும். ஒவ்வொரு படியையும் தொட்டுக் கும்பிட நேரம் இருக்காது. பின்னால் ஆயிரக்கணக்கானோர் வருகிறார்கள், போலீஸ்காரர்கள் கை கொடுத்துத் தூக்கிவிடுவார்கள். கும்பிடுவதை மனதில் செய்யுங்கள், சரணத்தை வாய்விட்டுச் சொல்லுங்கள். கைபேசியை அணைத்துவிடுங்கள், சன்னதி முன்னுள்ள திருமுற்றத்தில் படம் எடுக்கத் தடை.

மாளிகைப்புறத்தம்மன் சன்னதியில் தேங்காய் உருட்டுவதும் மஞ்சள்பொடியை வாரி இறைப்பதும் ஆசாரத்தில் இல்லை என்று சொல்லியாகிவிட்டது. காணிக்கையைக் கையில் கொடுத்துக் கும்பிட்டாலே அம்மன் ஏற்றுக்கொள்வாள்.

8. எவ்வளவு ஆகும்?

தென்மாவட்டத்திலிருந்து வேனைப் பங்கிட்டுப் போகும் ஒருவருக்கு என் கணக்கு இது. மாலையும் துணியும் 1,000 ரூபாய்க்குள். நெய், தேங்காய், இருமுடிப் பை எல்லாம் சேர்த்து 700 வரை. வண்டிப் பங்கு 1,500 முதல் 2,500. வழிச் சாப்பாடு, பஸ், சின்னக் கட்டணங்கள் 700. அரவணைப் பாயசம் ஒரு டின் 100 ரூபாய், அப்பம் ஒரு பாக்கெட் அதில் பாதிக்கும் குறைவு. நெரிசல் நாட்களில் ஒருவருக்கு இத்தனை டின்தான் என்று கட்டுப்பாடு வரும், அக்கம்பக்கத்துக்கெல்லாம் வாங்கி வருவதாக வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். குருசாமி தட்சணை உங்கள் மனம்போல. ஆக, 5,000 ரூபாயை ஒட்டிக் கையில் இருந்தால் போய்வரலாம். சென்னை, கோவையிலிருந்து என்றால் பயணச் செலவு மட்டும் கூடும். பாதியை ரொக்கமாகவே வையுங்கள்.

9. இறங்கிய பிறகு

மலை இறங்கியதும் விரதம் முடிந்துவிட்டது என்று குமுளியிலேயே மாலையைக் கழற்றி, அடுத்த கடையில் பிரியாணிக்கு நிறுத்தச் சொல்பவர்களை ஒவ்வொரு சீசனிலும் பார்க்கிறேன். மனம் நோகிறது. வீடு சேரும் வரை விரதம்தான். நீங்கள் மலையில் இருக்கும்போது வீட்டில் உங்களுக்காக விளக்கு எரிந்துகொண்டிருக்கும். வாசலில் தேங்காய் உடைத்து உள்ளே போய், இருமுடியைப் பூஜையறையில் இறக்கி வையுங்கள். மாலையைக் குருசாமியோ, அம்மாவோ, கோயில் அர்ச்சகரோ கழற்றட்டும். அதைப் பூஜையறையில் ஒரு பெட்டியில் பத்திரப்படுத்துங்கள், அடுத்த ஆண்டும் அதே மாலையைப் போட்டுக்கொள்ளலாம்.

பின்முடியில் மிஞ்சிய அரிசியை வீட்டு அரிசியோடு கலந்து பொங்கி எல்லாருக்கும் கொடுங்கள். அபிஷேக நெய்யில் ஈரம் கலந்திருந்தால் சீக்கிரம் கெடும். வந்த அன்றே இலேசாகக் காய்ச்சி வடிகட்டிக் கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றி வைத்தால் நாள்பட நிற்கும். மலைக்கு வர முடியாத பெரியவர்கள் தெருவில் யார் யார் இருக்கிறார்கள் என்று நினைத்துப் பார்த்து, அவர்களுக்கு முதலில் கொண்டுபோய்க் கொடுங்கள்.